'எல்லோரும் குடிக்கிறார்கள்' என்னும் எண்ணம்: அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரி மாணவர்களும் மதுவும்

அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், சக மாணவர்கள் அருந்தும் மதுவை உண்மை அளவைவிட மிகுதியாகக் கணிப்பதை 1986-இல் வெளியான பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் ஆய்வு காட்டியது. குடித்துத் தடுமாறுபவர் கண்ணில் படுகிறார். குடிக்காதவர் கவனத்தில் நிற்பதில்லை. இத்தவறான கணிப்பு ஒருவரை மேலும் குடிக்கத் தூண்டக்கூடும்.

அந்நாட்டுக் கறுப்பின மாணவர்கள், சராசரியாக, வெள்ளையின மாணவர்களைவிடக் குறைவாகவே குடிக்கின்றனர். ஆகவே, வெள்ளையினத்தவர் பெரும்பான்மையாக உள்ள கல்லூரி விருந்துகளில் காணும் குடியே தமக்கும் இயல்பு என அவர்கள் கொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் மாணவரானால், நெருங்கிய நண்பர்களுள் எத்தனை பேர் உண்மையில் குடிக்கின்றனர் என எண்ணிப் பாருங்கள். பெற்றோரானால், கடிந்துகொள்ளாமல் இதே கேள்வியைக் கேளுங்கள். 'குடிக்காவிட்டால் ஒதுக்கப்படுவேன்' என்ற அச்சம் நீடித்தாலோ, குடியைக் குறைக்க இயலாவிட்டாலோ, மருத்துவரை அல்லது மனநல ஆலோசகரைத் தாமதமின்றி அணுகுங்கள்.