ஆங்கிலச் சொல்லின் வேர் தேடிய காரைதீவுத் துறவி

ஆங்கில அகராதியைக் கதைப்புத்தகம் போல வாசிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். செய்தி மொழிபெயர்ப்பு மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவனுக்கு அது தொழிலோடு ஒட்டிக்கொண்ட நோய். ஒரு சொல்லின் பொருளைத் தேடிப் போனால் அதன் பாட்டன், பூட்டன் வரை விசாரித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

'லகூன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இதன் மூலம் 'லகூனா' என்ற இலத்தீன் சொல். குழி, பள்ளம், இடைவெளி என்பன அதன் பொருள்கள். பழைய ஏட்டுச்சுவடியில் சிதைந்துபோன பகுதியையும் ஆங்கில அறிஞர்கள் 'லகூனா' என்றே குறிப்பிடுவர். தமிழகத்தின் தென்கரையில் காயல் என்றும், யாழ்ப்பாணத்தில் கடல்நீரேரி என்றும் வழங்கும் இந்நீர்நிலைக்குக் கிழக்கிலங்கையில் களப்பு என்று பெயர். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் களப்பே மட்டக்களப்பின் பெயரிலும் இருக்கிறது. அப்பெயர் போர்த்துக்கீசர் நாவில் மகரம் பகரமாகிச் சிதைந்து, பின்னர் ஆங்கிலத்தில் 'பற்றிக்கலோ' என நிலைத்தது.

ஆங்கிலச் சொற்களை இவ்வாறு நேசித்த மனிதர் ஒருவர் இப்பிரதேசத்தில் வாழ்ந்தார். அவரைத் தமிழுலகம் யாழ்நூல் ஆசிரியராக அறியும். கலைச்சொல்லாக்கத்தில் அவர் ஆற்றிய பணியை அறிந்தோர் குறைவு. அவரே சுவாமி விபுலாநந்தர்.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் ஆங்கிலம் வழியாகக் கற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். ஒரே மனிதர் பண்டிதராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் இருப்பது அக்காலத்தில் அபூர்வம். தமிழ் கற்றோர் விஞ்ஞானம் அறியார். விஞ்ஞானம் கற்றோர் தமிழில் எழுதக் கூசினர். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரான பின்னரும் இரண்டையும் அவர் கைவிடவில்லை.

சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராயும் அவரது 'மதங்க சூளாமணி' 1926இல் வெளிவந்தது. அதில் சேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று அழைத்தார். உலகைச் செதுக்கிய சிற்பி என்று பொருள் கொள்ளலாம். ஆங்கிலப் பெயரின் ஒலி தமிழ்க் காதுக்கு இசைவாகி, புதிய பொருளும் பெற்றுவிடுகிறது. ஆங்கிலக் கவிஞர்களைத் தமிழருக்கு அறிமுகஞ் செய்து 'ஆங்கிலவாணி' என்ற கட்டுரையையும் அவர் எழுதினார்.

1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் நடத்திய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்று படித்தவர்களே ஐயுற்ற காலம் அது. அம்முயற்சியின் பயனாக 1938இல் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன. 1940இல் சென்னை அரசு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் குழு அமைத்தபோது, வடமொழியைச் சார்வதா, தமிழிலேயே ஆக்குவதா என்ற சர்ச்சை மூண்டது. சொல் ஆக்கும் வேலை வெறும் பள்ளிக்கூட விவகாரமன்று என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று.

இவ்வேலையின் சிரமத்தைச் சில சொற்களைக் கொண்டு காட்டலாம். 'தேர்மோமீற்றர்' என்பது வெப்பம், அளவு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. அதனை அப்படியே வெப்பமானி ஆக்கினோம், தொல்லையில்லை. ஆனால் 'ஒட்சிசன்' அவ்வாறன்று. பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே, அமிலங்கள் எல்லாவற்றுக்கும் இவ்வாயுவே காரணம் என எண்ணி, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்னும் பொருளில் அப்பெயரை இட்டார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே இல்லை என்பது பின்னர் நிறுவப்பட்டது. கருத்துப் பிழையானது, பெயர் மாத்திரம் நிலைத்தது. வேரைப் பார்த்து மொழிபெயர்த்திருந்தால் லவாசியேயின் தவறு தமிழுக்கும் குடிவந்திருக்கும். உயிரோடு உறவு காட்டிப் பிராணவாயு என்றார்கள். இலங்கைப் பாடநூல்கள் ஒலியையே ஏற்று ஒட்சிசன் என்றன.

'மலேரியா'வும் அத்தகையதே. இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பது அதன் பொருள். சதுப்பு நிலத்துக் காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பினர். நுளம்பே அதனைக் காவுகிறது என்பதற்கான ஆதாரத்தை ரொனால்ட் ரோஸ் 1897இல் செக்கந்தராபாத்தில் கண்டார். நம்மவரோ விட்டுவிட்டு வரும் அந்நோயை முறைக்காய்ச்சல் என்றனர். காரணத்தை ஊகிக்காமல் கண்டதைச் சொன்ன அப்பெயர் இன்றும் பிழையாகவில்லை.

இத்தகைய தெரிவுகளைச் செய்ய அந்நிய மொழியின் வேரும் தமிழின் வேரும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டும். விபுலாநந்தரின் ஆங்கிலப் பற்று தமிழுக்குப் பயன்பட்டது அதனாலேயே. மட்டக்களப்பு வாவியில் நிலவொளி இரவுகளில் கேட்கும் பாடும் மீன்களின் ஒலியை 'நீரரமகளிர்' என்று கவிதையாக்கியவரும் அவரே. அழிந்த யாழ்களின் சுரங்களைக் கணிதத்தாலும் பௌதிகத்தாலும் மீட்டு யாழ்நூல் எழுதியவரும் அவரே. 1947 யூனில் அந்நூல் அரங்கேறியது. யூலையில் அவர் மறைந்தார். கல்லடி உப்போடையில் அவரது சமாதி இருக்கிறது.

அவருக்குப் பின் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்றனர், இன்றும் கற்கின்றனர். ஆயினும் இரு கரைகளும் தனித்தனி வழியே சென்றுவிட்டன. இங்கே ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. இங்கே காபனீரொட்சைட்டு, அங்கே கார்பன் டை ஆக்சைடு. சென்னையில் அச்சான நூலை மட்டக்களப்பு மாணவன் புரட்டினால் தன் மொழியிலேயே திகைத்து நிற்கிறான். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் தடுமாறுகின்றனர்.

காரைதீவில் பிறந்தவர் சென்னைக்குச் சென்று, இரு கரைத் தமிழருக்குமாக ஒரே மேசையில் அமர்ந்து சொல் ஆக்கிய நாட்கள் இருந்தன. கடல் கடக்கக் கப்பலும் கடிதமும் மட்டுமே இருந்த காலத்தில் அது கைகூடியது. நொடியில் செய்தி பறக்கும் இக்காலத்தில் அம்மேசையை மீண்டும் போடுவதற்கு நமக்குத் தடையாயிருப்பது எது?