ஏழு நாய்கள் திரும்பிய கதை: ஜவ்வாது மலையாளிகளும் அடையாளமும்

நேபாளத்தின் சோலுகும்புப் பகுதியில் வாழும் குலுங்கர், ‘ராய்’ என்ற பொதுப்பெயருக்குள் தங்களை அடக்குவதை ஏற்காதபோது, கிராந்தி மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த தங்கள் மொழியைச் சான்றாக முன்வைக்கிறார்கள். திருவண்ணாமலைக்கு வடக்கே ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் பேசுவது தமிழ். பெயரும் குழப்பம் தருவது. கேரளத்தாரோடு தொடர்பில்லாத இந்தச் சொல்லுக்கு இங்கே மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்றே பொருள். அப்படியானால் தனித்த இனம் என்ற எண்ணம் எதன்மேல் நின்றது?

முதலில் ஒரு கதையின் மேல். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் அது பதிவாகியுள்ளது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். ஏளனத்தோடு மறுக்கப்பட்டதும் ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள், உடன் வரும் நாய்கள் தனியே திரும்பினால் தங்களுக்குக் கருமாதி செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிச் சென்றார்கள். பாலாற்றில் வெள்ளம். பாதி ஆறு நீந்திய நாய்கள் திரும்பிவிட்டன. ஆண்களோ அக்கரை சேர்ந்து வேடர்களைக் கொன்று ஊர் திரும்பினால், வீட்டில் சடங்கு முடிந்திருந்தது; மனைவியர் தாலி அறுத்திருந்தார்கள். உயிரோடிருந்தும் ஊருக்குச் செத்தவர்களான அவர்கள் வேடப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறினார்களாம்.

இது சக ஆண்டு 1055இல் நடந்ததாகக் கதை சொல்கிறது. அந்த ஆண்டை வரலாறாகக் கொள்ளத் தேவையில்லை. கதை செய்யும் வேலையைத்தான் கவனிக்க வேண்டும். தந்தை வழியில் சமவெளியின் குலப்பெருமை, தாய் வழியில் காட்டின் உரிமை என இரண்டையும் அது ஒரே முடிச்சில் கட்டுகிறது. மலைமேல் தமிழ் எப்படி வந்தது என்பதற்கும் விடை தருகிறது. அந்த வேடப் பெண்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை மலையாளிகள் சொல்லும் கதை வேறு. அதில் காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று மலைகளுக்குப் பிரிகிறார்கள். காஞ்சி மட்டும் மாறவில்லை.

ஜவ்வாது மலைக்கு இந்தக் கதைகளைவிடப் பழைய சான்றுகளும் உண்டு. சங்க நூலான மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கம் இதன் அடிவாரத்தில்தான் இருக்கிறது. 1972இல் தொல்லியல் துறை நூலாக்கிய செங்கம் நடுகற்கள், ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்களைப் பல்லவர் கால வட்டெழுத்தில் பதிந்து வைத்திருக்கின்றன. ஆனால் அந்த வீரர்களை இன்றைய மலையாளிகளின் முன்னோர் என்று அடித்துச் சொல்வது ஆசையாக இருக்கலாம், ஆய்வாகாது.

கதையின் இடத்தை இருபதாம் நூற்றாண்டில் அரசாணை பிடித்தது. 1976இல் திருத்தப்பட்ட பழங்குடிப் பட்டியல், மலையாளி என்ற பெயரோடு தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களை அடைப்புக்குறிக்குள் வைத்தது. 1989இல் வட ஆர்க்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 2019இல் திருப்பத்தூரும் தனியானது. மலை இப்போது பல மாவட்டங்களில் கிடந்தாலும், பழங்குடிச் சான்றிதழுக்கு வழி விடுவது மறைந்துபோன அந்த வட ஆர்க்காடுதான். அன்று கோயம்புத்தூரில் இருந்து இன்று ஈரோட்டில் சேர்ந்துள்ள பர்கூர் மலையின் மலையாளிகள், பெயரும் பேச்சும் ஒன்றாக இருந்தும், தங்கள் மாவட்டம் அடைப்புக்குறிக்குள் இல்லாததால் பழங்குடிச் சான்றிதழுக்காகப் பல பத்தாண்டுகளாக மனுக் கொடுத்து வருகிறார்கள்.