சூயஸ் கடந்த சின்ன மீன்கள்

செங்கடல் மீன் ஒன்று மத்தியதரைக் கடலில் வாழ்வதாக முதன்முதலில் பதிவான ஆண்டு 1902. சூயஸ் கால்வாயின் மீன்களைப் பற்றி டில்லியே என்ற பிரெஞ்சுக்காரர் அந்த ஆண்டு பாரிசில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். எகிப்தின் வடகரையில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு மீனை அதில் 'அதெரினா ஃபோர்ஸ்காலி' என்ற பெயரில் சேர்த்திருந்தார். அதெரினிடே என்ற வெள்ளிக்கோட்டு மீன் குடும்பத்தைச் சேர்ந்தது அது. நன்றாக வளர்ந்தாலும் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. அகன்ற தலை, பெரிய கண், விலாவில் நீளவாட்டில் ஓடும் வெள்ளிப் பட்டை, முதுகில் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரண்டு துடுப்புகள் என்பவை இதன் அடையாளம். கரையோரத்து ஆழமற்ற நீரில் பெருங்கூட்டமாகத் திரியும். பெரிய மீன்களுக்கு இரையாவதைத் தவிர யாருக்கும் பெரிதாகப் பயன்படாத மீன். ஆனால் அதற்குப் பின்னால் அதே வழியில் வந்து சேர்ந்த மீன் இனங்கள் இன்று நூற்றுக்கு மேல். அந்தப் பட்டியலின் முதல் வரி இந்த மீனுடையது.

கால்வாய் திறக்கப்பட்டது 1869 நவம்பர் 17ஆம் தேதி. முதல் மீன் பதிவாக முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்கு மீனும் காரணம், மனிதரும் காரணம்.

மீனின் பக்கத்துக் காரணம் கால்வாயின் அமைப்பிலேயே இருந்தது. நைல் நதியையும் செங்கடலையும் இணைக்கும் வாய்க்கால்களைப் பண்டைய எகிப்தியரும் பாரசீகப் பேரரசர் டேரியஸும் வெட்டியிருந்தார்கள். ஆனால் அவை நன்னீர் வழியாகச் சென்றவை. கடல் மீன் அவற்றில் கடந்து போக வழியில்லை. ஃபெர்டினான்ட் டி லெசெப்ஸ் வெட்டிய சூயஸ் கால்வாய்தான் கடலோடு கடலை நேராகச் சேர்த்த முதல் வாய்க்கால். பனாமா கால்வாயைப் போல மதகுகள் இதில் கிடையாது. சூயஸ் துறைமுகத்தில் நுழையும் நீர், வடமுனையான போர்ட் சயீத் வரை சுமார் 160 கிலோமீட்டர் தடையின்றி ஓடும். ஆண்டின் பெரும்பகுதி ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே இருக்கும். கோடையின் கடைசியில் மட்டும் திசை மாறும்.

இருந்தும் வழி எளிதாக இல்லை. கால்வாய் கசப்பு ஏரிகள் எனப்படும் பள்ளங்களின் ஊடாகப் போகிறது. வெட்டுவதற்கு முன்பு அவை வறண்டு கிடந்தன. அடியில் பல மீட்டர் கனத்துக்கு உப்புப் பாளம். கடல்நீர் புகுந்ததும் அந்த உப்பு கரையத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் ஏரி நீர் இரண்டு கடல்களையும் விடப் பன்மடங்கு கரித்தது. பாளம் கரையக் கரைய, பத்தாண்டு பத்தாண்டாக அந்தக் கரிப்பு குறைந்து வந்தது. மறுமுனையில் இதற்கு நேர்மாறான தடை இருந்தது. கோடை முடிவில் நைல் வெள்ளம் கடலில் கலந்து, கழிமுகத்தின் முன்னும் அதன் கிழக்கிலும் உப்பைக் குறைத்துவிடும். எனவே முதலில் கடந்தவை உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும் இனங்களாகவே இருந்திருக்க வேண்டும். வெள்ளிக்கோட்டு மீன் குடும்பம் அந்த வகை. உப்பங்கழியிலும் முகத்துவாரத்திலும் பழகிய இனங்கள் அதில் பல உண்டு.

மனிதரின் பக்கத்துக் காரணம் இன்னும் சுவையானது. கால்வாய் திறந்து ஐந்தே ஆண்டுகளில், 1874இல், செங்கடல் முத்துச்சிப்பி ஒன்று அலெக்சாண்ட்ரியாவில் கிடைத்தது. அதைப் பதிவு செய்தவர் இத்தாலியச் சிப்பி ஆய்வாளர் மொன்டெரொசாட்டோ. இடம்விட்டு நகராத சிப்பி ஐந்து ஆண்டில் கடந்துவிட்டது, நீந்தும் மீனுக்கு முப்பத்து மூன்று ஆண்டு பிடித்தது என்று இதைப் படிக்கலாகாது. சிப்பியின் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து போகும். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டும் போகும். அதைவிட முக்கியம், அந்தக் காலத்து ஐரோப்பாவில் சிப்பி சேகரிப்பது கனவான்களின் பொழுதுபோக்கு. கரையில் ஒதுங்கிய ஓட்டைக் காகிதத்தில் சுற்றித் தபாலில் அனுப்பினால் போதும், இத்தாலியில் இருப்பவர் அதற்குப் பெயர் சொல்லிவிடுவார். மீன் அப்படி நிற்காது. சாராயத்தில் ஊறப்போட வேண்டும், வெயிலில் நாறும், எடுத்துப் பார்க்க ஆள் வேண்டும். சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் கொன்ராட் கெல்லர் 1882இல் கால்வாயை ஆராய்ந்து, இரு கடல்களின் உயிரினங்களும் இடம் மாறத் தொடங்கிவிட்டன என்று எழுதினார். அதற்குப் பின்னும் மீன்களை முறையாகப் பட்டியலிட டில்லியே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1902 என்பது அந்த மீன் வந்த ஆண்டல்ல. தெரிந்தவர் ஒருவர் அதைப் பார்த்து எழுதி வைத்த ஆண்டு.

பார்த்த மீன் அயல்கடலுக்குரியது என்று சொல்ல, இரண்டு கடல்களிலும் முன்பு என்னென்ன இருந்தன என்று தெரிந்திருக்க வேண்டும். மத்தியதரைக் கடல் மீன்களைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ரோந்தலே என்ற பிரெஞ்சு மருத்துவர் படங்களோடு நூலாக்கியிருந்தார். செங்கடலுக்கான கணக்கு ஒரு சாவுப் பயணத்தில் தொடங்கியது. டென்மார்க் மன்னர் 1761இல் அரேபியாவுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினார். அதில் சென்ற இயற்கையாளர் பீட்டர் ஃபோர்ஸ்கால், தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். 1763இல் ஏமன் நாட்டில் காய்ச்சல் கண்டு இறந்தபோது அவருக்கு வயது 31. குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. நண்பரின் குறிப்புகளை அவர்தான் 1775இல் அச்சேற்றினார். ஃபோர்ஸ்கால் மீனைப் பாடம் செய்த முறை விசித்திரமானது. மீனின் ஒரு பக்கத்துத் தோலைத் துடுப்புகளோடு உரித்துக் காயவைத்து, இலைகளை ஒட்டுவது போலத் தாளில் ஒட்டிவைத்தார். அந்தத் தாள்கள் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கின்றன. அவருக்குப் பின் பிராங்பர்ட்டைச் சேர்ந்த எடுவார்ட் ரூப்பெல் செங்கடலுக்குப் போனார். டில்லியே பட்டியலிட்ட சின்ன மீனுக்கு 1838இல் ஃபோர்ஸ்காலின் பெயரைச் சூட்டியவர் அவரே. அடுத்து கிளன்சிங்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எகிப்தின் குஸைர் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அங்கு கிடைத்த மீன்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து எழுதினார். கால்வாய் வெட்டி முடியும் நேரத்தில் செங்கடல் மீன்களின் கணக்கு ஓரளவு கையில் இருந்தது. உலகின் வேறு பல கடல்களுக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை.

கணக்கு இருந்தாலும் கையில் இருக்கும் மீன் எது என்று அறிவது சுலபமல்ல. மத்தியதரைக் கடலுக்கே சொந்தமான வெள்ளிக்கோட்டு மீன்கள் உண்டு. அதே நீளம், அதே வெள்ளிப் பட்டை, அதே கூட்டம். வலையில் எல்லாம் கலந்து விழுந்தால் மீனவர் அவற்றைப் பிரித்துப் பார்க்க மாட்டார், பிரிக்கவும் தேவையில்லை. ஆய்வாளர் செய்வது வேறு. மீனைத் தட்டில் நேராகக் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை அளப்பார். துடுப்புகளை ஊசியால் விரித்து, விறைத்த முட்கள் எத்தனை, வளையும் கதிர்கள் எத்தனை என்று எண்ணுவார். பிறகு விலாவின் நடுவரிசைச் செதில்களைத் தலையிலிருந்து வால் வரை எண்ணுவார். அந்த எண்கள் பழைய விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும். பிறகு மீன் ஃபார்மலினில் ஊறி, எரிசாராயக் குப்பிக்குப் போகும். பிடித்த இடம், நாள், ஆழம், வலை வகை எழுதிய சீட்டு குப்பிக்குள்ளேயே இடப்படும். குப்பி இல்லாத பதிவு வெறும் வாய்வார்த்தை. நூறு ஆண்டு கழித்து யாரும் திறந்து சரிபார்க்க முடியாது.

முதல் உலகப் போருக்குப் பின் பார்ப்பவர்கள் பெருகினார்கள். 1924இல் மன்ரோ ஃபாக்ஸ் தலைமையில் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று கால்வாயை முழுதாக ஆராய்ந்தது. 1927இல் வால்டர் ஸ்டைனிட்ஸ், பாலஸ்தீனக் கரையில் செங்கடல் ஓரா மீன் ஒன்றைப் பதிவு செய்தார். தமிழகக் கரையில் ஓரா முள் குத்தி வலியில் துடித்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கிழக்கு மத்தியதரைக் கடலில் பாசி மேயும் மீன் குறைவு. ஓராக்கள் அந்த வெற்றிடத்தில் புகுந்து, பாறைகளைப் பாசியின்றி மொட்டையாக்கும் அளவுக்குப் பெருகின.

காரல் மீனின் கதை வேறு விதம். துருக்கிக் கரையில் பிடிபட்ட ஒரு சிறு காரலை, எராசி என்ற ஆய்வாளர் 1943இல் அறிவியலுக்கே புதிய இனம் என்று அறிவித்தார். மத்தியதரைக் கடலின் பெயரையே அதற்கு வைத்தார். அது செங்கடலிலிருந்து வந்த காரல்தான் என்றும், கிளன்சிங்கரின் பெயரைத் தாங்கி 1898இலேயே விவரிக்கப்பட்டுவிட்டது என்றும் பின்னர் முடிவாயிற்று. வந்தேறியை மண்ணின் மைந்தன் என்று கொண்ட இந்தத் தவறு எராசிக்கு மட்டும் உரியதல்ல. இரு கடல்களின் நூல்களையும் மாதிரிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வசதி அன்று மிகச் சிலருக்கே இருந்தது.

1950களின் நடுவில் தண்ணிப்பன்னா இனம் ஒன்று இஸ்ரேல் கரையின் இழுவலைகளில் திடீரெனக் குவிந்தபோது, முதல் பதிவுக்கும் பெருக்கத்துக்கும் இடையே சில ஆண்டுகளே இருந்தன. அதற்கு முந்தைய குளிர்காலம் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக இருந்ததே காரணம் என்று பின்னர் விளக்கினார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் கால்வாயில் நிகழவில்லை; நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், அஸ்வானில் நிகழ்ந்தது. 1960களில் அங்கே உயர் அணை எழுந்ததும் நைலின் ஆண்டு வெள்ளம் கடலுக்கு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. போர்ட் சயீதுக்கு முன்னால் இருந்த நன்னீர்த் தடையும் அதோடு போயிற்று. கசப்பு ஏரிகளின் உப்பும் அதற்குள் பெருமளவு கரைந்திருந்தது. 1967 போரால் கால்வாய் மூடப்பட்டு, 1975 வரை கப்பல் எதுவும் போகவில்லை. ஆனால் மூடியது கப்பலுக்குத்தான், நீருக்கு அல்ல. இந்தக் காலத்தில்தான் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் டோவ் போர், கால்வாய் வழியான இந்த இடப்பெயர்வுக்கு லெசெப்ஸின் பெயரைச் சேர்த்து 'லெசெப்சியப் பெயர்ச்சி' என்று பெயரிட்டார். 1978இல் அதே தலைப்பில் அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

1977இல் லெபனான் கரையில் பதிவான மீன் தமிழர்களுக்கு மிகவும் பழக்கமானது: கிழங்கான். மணல் தரையில் வாழ்ந்து, ஆபத்து வந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும் கரையோர மீன். பாக் நீரிணைக் கரையில் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தேடி வாங்கும் மென்சதை மீன். லெபனானில் கிடைத்ததை 'சில்லாகோ சிஹாமா' என்று பதிந்தார்கள். அந்தப் பெயரே செங்கடலில் பிறந்தது. ஏமன் கரையில் ஃபோர்ஸ்கால் கண்டு, அதெரினா பேரினம் என்று தவறாக வகைப்படுத்தி எழுதிய மீன்தான் சிஹாமா. செங்கடலிலிருந்து இந்தியக் கடல்கள் வழியாக மேற்குப் பசிபிக் வரை அது பரவியிருப்பதாக நூல்கள் சொல்லும். லெபனானுக்குப் பின் இஸ்ரேல், சிரியா, துருக்கிக் கரைகளிலும் கிழங்கான் கிடைத்தது. சந்தைக்கும் வந்தது.

முப்பத்தாறு ஆண்டுகள் எல்லோரும் அதைச் சிஹாமா என்றே எழுதினார்கள். கிழங்கான் இனங்களை வெளித்தோற்றத்தால் பிரிப்பது கடினம். வயிற்றைத் திறந்து, காற்றுப்பை பின்புறம் எப்படி நீள்கிறது என்று பார்த்தால்தான் பல இனங்களைப் பிரிக்க முடியும். மத்தியதரைக் கடலிலும் சூயஸ் வளைகுடாவிலும் கிடைத்தவற்றை டானியல் கோலானியும் அவருடைய துணை ஆய்வாளர்களும் உடற்கூறு, மரபணு இரண்டாலும் சோதித்தார்கள். அவை சிஹாமா அல்ல, அதுவரை பெயரிடப்படாத தனி இனம் என்று 2013இல் அறிவித்தார்கள். அதற்கு இட்ட பெயர் சில்லாகோ சூயசென்சிஸ். பட்டியல்கள் திருத்தப்பட்டன. 1977 என்ற ஆண்டும் லெபனான் என்ற இடமும் அப்படியே நின்றன; மீனின் பெயர் மட்டும் மாறியது.

வெள்ளிக்கோட்டு மீனும் இதற்குத் தப்பவில்லை. டில்லியேவின் அதெரினா ஃபோர்ஸ்காலியைப் பிற்கால நூல்கள், இந்திய-பசிபிக் கடல்களில் பரவலான 'லகுனோசஸ்' இனத்தோடு சேர்த்து, அதெரினோமோரஸ் என்ற பேரினத்துக்கு மாற்றின. இந்த நூற்றாண்டின் ஆய்வுகள் செங்கடல் மீன் தனி இனமே என்று கண்டு, ரூப்பெல் வைத்த பெயரை மீட்டன. இப்போதைய பட்டியல்களில் அது 'அதெரினோமோரஸ் ஃபோர்ஸ்காலி', 1902, எகிப்து என்று இருக்கிறது.