சுங்கச்சாவடியில் நூல்கள்

வெளிநாடு சென்று திரும்பும் எவரும் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ அந்தப் பட்டியலைக் கண்டிருப்பர். போதைப்பொருள், கள்ளநோட்டு, யானைத்தந்தம் ஆகியன கொண்டுவரவே கூடாதவை. வேறு சில, உரிமம் பெற்ற பின்னரே கொண்டுவரத் தக்கவை. முன்னதைத் தடை செய்யப்பட்ட பொருள் என்றும், பின்னதைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்றும் வழங்குவர். உரிமமின்றி வந்துவிட்டால் பின்னதும் முன்னதாகிவிடும் என்பது சுங்கச் சட்டத்தின் நடைமுறை. இந்த வரிசையில் நூலுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. நூல் தடை என்றதும் நீதிமன்றமும் காவல்துறையும் கண்டன ஊர்வலமுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தியாவில் எழுத்தின்மீது விழுந்த புகழ்பெற்ற தடைகள் பலவும் சுங்கத்தின் வழியாகவே வந்தன. அவ்வழி எத்தகையது, அதனால் விளைந்தது என்ன என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

சுங்கம் நமக்குப் புதிதன்று. ‘உல்கு’ என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். வேந்தனுக்கு உரிய பொருள்களுள் உல்குபொருளையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறார் வள்ளுவர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கும் பொதிக்கும் ஏறிச்செல்லும் பொதிக்கும் புலிப்பொறி இட்டுக் காவல் செய்தோரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. 1070 முதல் அரசாண்ட முதற் குலோத்துங்கனுக்கோ சுங்கம் தவிர்த்தவன் என்பதே பெரும்பெயராயிற்று. வரி வாங்குவது மட்டுமன்றித் தடுப்பதும் அன்றே இருந்தது. படைக்கலம், கவசம், உலோகம், தேர், மணி, தானியம், கால்நடை முதலியவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லலாகாது என்கிறது அர்த்தசாஸ்திரம். நாட்டுக்குத் தீங்கு பயக்கும் சரக்கை உள்ளே விடலாகாது என்றும் அது விதிக்கிறது. இவையனைத்தும் கையால் தொட்டு, எடையிட்டு, எண்ணிப் பார்க்கத்தக்க பொருள்கள். ஒரு பொதிக்குள் இருக்கும் கருத்தை அளக்கும் வேலை சுங்க அதிகாரிக்கு வந்து சேர்ந்தது அச்சு இயந்திரத்தின் காலத்தில்தான்.

இந்தியாவைப் பொறுத்தவரை அதன் அடித்தளம் 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம். அதன் 18ஆம் பிரிவு, கொண்டுவரவே கூடாத பொருள்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. பதிப்புரிமையை மீறி அச்சிட்ட நூல், கள்ளநாணயம், ஆபாசமான நூலும் படமும் உருவமும் அதில் இடம்பெற்றன. எழுத்தாளனின் உரிமையைக் காத்து நின்ற விதியும் அவன் எழுத்தை மறித்து நின்ற விதியும் ஒரே பிரிவில் அருகருகே அமர்ந்திருந்தன. ஆனால் வரலாற்றை நடத்தியது அடுத்து வந்த 19ஆம் பிரிவு. எந்த வகைச் சரக்கையும் கடல் வழியாகவோ தரை வழியாகவோ கொண்டுவருவதை அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டுத் தடுக்கலாம் அல்லது கட்டுப்படுத்தலாம் என்று அது தலைமை ஆளுநரின் அவைக்கு அதிகாரம் அளித்தது. சரக்கின் பெயரைக் குறித்தால் போதும். காரணம் கூற வேண்டுவதில்லை. சட்டத்தை வரைந்தோர் மனத்தில் படைக்கலமும் வெடிமருந்தும் இருந்திருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்குள் அது நூல்களைப் பிடிக்கும் வலையாயிற்று.

இலண்டனில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திய ‘இந்தியன் சோசியாலஜிஸ்ட்’ இதழ் இந்தியாவுக்குள் வருவது 1907இல் தடுக்கப்பட்டது. 1857 எழுச்சியைப் பற்றிச் சாவர்க்கர் எழுதிய நூலின் கதை இன்னும் விந்தையானது. 1909இல் அது வெளிவருவதற்கு முன்பே அதற்குத் தடை வந்துவிட்டது. படிக்கப்படாத நூல், வரப்போகும் சரக்கு என்ற அளவிலேயே விலக்கப்பட்டது. டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ முதலிய நாவல்களின் அட்டையைப் போர்த்திக்கொண்டு அதன் படிகள் இந்தியத் துறைமுகங்களில் இறங்கினவென்று கூறுவர். அட்டையைப் பார்ப்பதே சுங்கத்தின் வாசிப்பு என்பதை அனுப்பியவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

அதே 1909 நவம்பரில் ‘கில்டோனன் காசில்’ கப்பலில் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பிக்கொண்டிருந்த காந்தி, வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதி ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலை முடித்தார். குஜராத்தி மூலத்தின் படிகள் பம்பாயில் பிடிபட்டன. 1910 மார்ச்சில் நூல் தடை செய்யப்பட்டது. காந்தியின் மறுமொழி வாதமாக இருக்கவில்லை. அதே மாதத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பைச் செய்து வெளியிட்டார். வன்முறையை மறுக்கும் ஒரு நூல், வன்முறையைத் தூண்டும் துண்டறிக்கைகளோடு ஒரே குவியலில் சேர்க்கப்பட்டது. பொதிகளைத் தரம் பிரிப்பவர்கள் கருத்துகளைத் தரம் பிரிக்கப் புகுந்ததன் பயன் அது.

தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான கதை புதுச்சேரியில் நிகழ்ந்தது. 1908இல் ‘இந்தியா’ வார இதழின் சட்டப்படியான ஆசிரியர் சென்னையில் சிறைப்பட்டார். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரிலிருந்து இதழ் அங்கிருந்து வெளிவந்தது. பிரெஞ்சு மண்ணில் அச்சாகும் இதழைப் பறிமுதல் செய்யப் பிரிட்டிஷ் காவலருக்கு அதிகாரமில்லை. ஆனால் அதன் வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் எல்லைக்கு இப்பால் இருந்தார்கள். எனவே அச்சகத்தைத் தொடாமலேயே இதழைக் கொல்ல முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடுத்தார்கள். சந்தாவும் வாசகரும் அற்றுப்போயினர். 1910 மார்ச்சில் இதழ் நின்றது. அவ்வாண்டின் அச்சகச் சட்டம், ஐயத்துக்குரிய நூலோ இதழோ இருப்பதாகத் தோன்றும் எந்தப் பொதியையும் நிறுத்தி வைக்கலாம் என்று சுங்க அதிகாரிக்கு வெளிப்படையாகவே அதிகாரம் தந்தது. சிற்றிதழ் நடத்திப் பழகிய நண்பர்களுக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. ஓர் இதழின் உயிர் அச்சகத்தில் இருப்பதைவிட அஞ்சற்பையில்தான் அதிகம் இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் 1922இல் நீக்கப்பட்டபோது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 99ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி ஒரு நூலைப் பறிமுதல் செய்யும் அரசு, தான் அவ்வாறு கருதுவதற்கான காரணங்களை அறிவிக்கையிலேயே கூறியாக வேண்டும். நூலில் உரிமையுள்ளவர் இரண்டு மாதங்களுக்குள் உயர்நீதிமன்றத்தை அணுகலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை விசாரிக்கும். 1928இல் பர்மிய அரசைப் பின்பற்றிச் சென்னை அரசு பாரதியின் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தபோது, சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எதிர்த்து வாதாடினார். அதிகாரத்தின் ஆணை வெளிச்சத்தில் நின்றதால் அதன்மீது கல்லெறியவாவது முடிந்தது. காலனிய அரசே ஆயினும் உள்நாட்டில் நூலை நூலாகக் கருதிக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருந்தது. எல்லையிலோ நூல் சரக்கு. சரக்கிடம் எவரும் காரணம் சொல்வதில்லை.

நூலைச் சரக்காகக் கொண்டும் நீதி வழங்க முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ 1922இல் பாரிஸில் வெளிவந்தது. அமெரிக்காவுக்குள் அதனைக் கொண்டுவர முடியவில்லை. 1930ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டப்படி ஆபாச நூலைச் சுங்கத்துறை பிடிக்கலாம். ஆனால் பிடித்ததைப் பறிமுதல் செய்ய நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும். ‘ரேண்டம் ஹவுஸ்’ பதிப்பகத்தார் இதனைப் பயன்படுத்திக்கொண்டனர். திறனாய்வாளர்களின் கருத்துகளை உள்ளே ஒட்டிய ஒரு படியை 1932இல் கப்பலில் வரவழைத்தனர். நியூயார்க் துறைமுகத்தின் அதிகாரி அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடப் பார்த்தார். பதிப்பகத்தின் ஆளே வற்புறுத்திப் பிடிக்கச் செய்ததாகச் சொல்வார்கள். வழக்கின் பெயரே ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் யுலிசிஸ் என்னும் ஒரு நூல்’. குற்றக்கூண்டில் நின்றது எழுத்தாளரன்று, நூல்தான். நீதிபதி ஜான் வூல்சி அதனை முழுமையாகப் படித்து, 1933 டிசம்பர் 6 அன்று அது சட்டம் சொல்லும் ஆபாச நூலன்று என்று தீர்ப்பளித்தார்; மறு ஆண்டில் மேல்முறையீட்டிலும் அது நிலைபெற்றது. சரக்காக வந்த நூல் நீதிமன்றத்தில் மீண்டும் நூலாயிற்று. யாரேனும் ஒருவர் அதனைப் படித்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியதே அதற்குக் காரணம்.

விடுதலைக்குப் பின் இந்தியா தேர்ந்தது அவ்வழியை அன்று. 1878ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே தொடர்ந்தது. ஆப்ரி மேனன் இராமாயணத்தை எள்ளலோடு மறுகூறல் செய்த ‘ராமா ரீடோல்ட்’ ஐம்பதுகளின் நடுவில் தடுக்கப்பட்டது. காந்தி கொலையைக் கருவாகக் கொண்ட ஸ்டான்லி வோல்பர்ட்டின் ‘நைன் அவர்ஸ் டு ராமா’ அறுபதுகளின் தொடக்கத்தில் தடைக்குள்ளாயிற்று. 1963 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், பழைய அதிகாரத்தைத் தன் 11ஆம் பிரிவில் ஏந்திக்கொண்டது. எந்தெந்த நோக்கங்களுக்காகத் தடுக்கலாம் என்று ஒரு நீண்ட பட்டியல் இப்போது சேர்ந்தது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கும் ஒழுக்கமும், அந்நியச் செலாவணிச் சேமிப்பு, பொருள்களின் தட்டுப்பாட்டைத் தவிர்த்தல், செடிகொடி உயிரினங்களின் காப்பு எனப் பலவும் அதில் உண்டு. ஒரு நாவலும் ஒரு நோயுற்ற விதைமூட்டையும் ஒரே பிரிவின் கீழ் எல்லையில் நிறுத்தப்படலாயின.

அதன் உச்சம் 1988இல் வந்தது. சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானிக் வெர்சஸ்’ அவ்வாண்டு செப்டம்பர் 26 அன்று பிரிட்டனில் வெளிவந்தது. அக்டோபர் 5ஆம் நாள், பத்து நாள்கூட நிறைவுறாத நிலையில், இந்திய அரசு அதன் இறக்குமதியைத் தடுத்தது. ஈரானிலிருந்து கொலை ஆணை பிறந்ததற்கு நான்கு மாதங்கள் முந்தைய நிகழ்வு இது. சுங்கம் நிதியமைச்சகத்தின் கீழ் வருவதால், ஓர் இலக்கியப் படைப்பைப் பற்றி நிதியமைச்சகம் பேச நேர்ந்தது. இத்தடை நூலின் இலக்கிய மதிப்பைக் குறைப்பதாகாது என்று அது விளக்கமும் சேர்த்தது. பிரதமர் ராஜீவ் காந்திக்கு எழுதிய திறந்த மடலில் ருஷ்டி அந்த ‘நல்ல மதிப்புரை’யை எள்ளி நகையாடினார்.

இந்த ஆணை தடுத்தது இறக்குமதியை மட்டுமே. ஒருவர் அந்நூலைத் தம்மிடம் வைத்திருப்பதையோ படிப்பதையோ அது குற்றமாக்கவில்லை. எனினும் நாடு முழுவதும் அதனைத் தடை செய்யப்பட்ட நூல் என்றே கொண்டது. 2012இல் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவில் அதிலிருந்து சில பகுதிகளைப் படித்த எழுத்தாளர்கள் நகரை விட்டே வெளியேற நேர்ந்தது.

பின்னர் நிகழ்ந்ததை எந்த எள்ளல் நாவலாசிரியரும் கற்பனை செய்திருக்க மாட்டார். தடையை எதிர்த்து வாசகர் ஒருவர் 2019இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அந்த அறிவிக்கையின் படியை எந்த அலுவலகத்தாலும் காட்ட இயலவில்லை. அதனை வெளியிட்ட துறையும் கைவிரித்தது. அப்படி ஓர் அறிவிக்கை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று கூறி, 2024 நவம்பரில் நீதிமன்றம் வழக்கை முடித்தது. அடுத்த மாதமே தில்லிக் கடையொன்றில் நூல் விற்பனைக்கு வந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு நாட்டின் வாசிப்பைக் கட்டிவைத்திருந்தது, எவரிடமும் இல்லாத ஒரு தாள்.

இது தற்செயலா? அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. சுங்கத்தின் ஆணை எழுத்தாளரையோ வாசகரையோ நோக்கிப் பேசுவதில்லை. இறக்குமதியாளரை நோக்கியே பேசுகிறது. ஒரு நூலின் சில நூறு படிகளுக்காக எந்த வணிகர் வழக்காடுவார்? காரணம் எழுதப்படாததால் மறுக்க ஒன்றுமில்லை. மறுப்பவர் இல்லாததால் ஆணையைத் தேடி எடுக்கவும் எவருக்கும் தேவை எழவில்லை. நீதியின் முன் தோற்றிருக்கக்கூடிய ஒரு தடை, எவரும் கேளாமையாலேயே நெடுங்காலம் வாழ்ந்தது.

எல்லையில் சரக்குகளைத் தடுக்கவே கூடாது என்பது நம் வாதமன்று. தந்தமும் களவாடிய சிலைகளும் திருட்டுப் பதிப்பும் தடுக்கப்படத்தான் வேண்டும். ஒரு நூலைத் தடுக்க வேண்டிய நிலை வந்தாலும், காரணம் கூறி நீதிமன்றத்துக்கு வழிவிடும் முறை 1922 முதலே நம் சட்டத்தில் இருக்கிறது; அண்மையில் பழைய குற்றவியல் சட்டங்கள் மாற்றப்பட்ட பின்னும் அது நிலைத்திருக்கிறது. அது இருக்கச் சுங்கத்தின் குறுக்குவழி எதற்கு?

இன்று நூல் கப்பலேறாமலே கடல் கடந்து திரைக்கு வருகிறது. சுங்கச்சாவடி அதனைக் காண்பதில்லை. ஆனால் இணையப் பக்கங்களை முடக்கும் 2009ஆம் ஆண்டு விதிகள், முடக்கும் ஆணையையும் அதற்கான கோரிக்கையையும் மறைபொருளாகக் காக்கச் சொல்கின்றன. வாசகர் பார்க்க முடியாத தாள் மீண்டும் ஒருமுறை நம் வாசிப்பை ஆளுகிறது. தடையை ஏற்பதா எதிர்ப்பதா என்பது அவரவர் நிலைப்பாடு. அதற்கு முன், தடை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு, அதைக் கண்ணால் கண்டபின் பேசும் வழக்கத்தையாவது வாசகர்களாகிய நாம் கைக்கொள்ள வேண்டும்.