தோட்டத்தில் கல் பாவ என்ன செலவாகும்?

போன மாதம் குஜிலியம்பாறையில் தோழர் ஒருவரின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் காலனியின் முதல் பட்டதாரி, இப்போது அரசு வேலையில் இருக்கிறார். கடன் வாங்கிக் கட்டிய வீடு. பின்பக்கம் இரண்டு முருங்கை, ஒரு மாதுளை, நடுவில் வெறும் மண். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. அங்கே கல் பாவி, சாயங்காலம் நாலு நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. கொத்தனார் நோட்டுத் தாளைக் கிழித்து எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார். அதை எங்களிடம் நீட்டி, "அண்ணே, இது சரியான ரேட்டா?" என்று கேட்டார்.

இருபது அடிக்குப் பத்து அடி, ஆக 200 சதுர அடி. அரை அடிக்கு மேல் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். நாலு அங்குலத்துக்குக் கிராவல், அதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு எம்-சாண்ட். இரண்டும் சேர்ந்தால் 100 கன அடி, அதாவது சரியாக ஒரு யூனிட். அதன்மேல் கல். கொத்தனார் மூன்று வழி சொல்லியிருந்தார்: பேவர் பிளாக், கடப்பா கல், இல்லையென்றால் ராஜஸ்தான் மணற்கல். சதுர அடிக்கு ஐம்பது ரூபாயில் தொடங்கி நூறைத் தாண்டிப் போகிறது. கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, வண்டி வாடகை தனி. நாங்கள் விசாரித்த வரையில் ரேட் சரிதான்.

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு தோழர் ஒன்று சொன்னார். "எங்க அம்மாச்சி குவாரியில கல்லு உடைச்சவங்க. சம்மட்டி பிடிச்சுப் பிடிச்சு அவங்க விரலு கடைசி வரைக்கும் நேரா நீளவே இல்ல. இந்தத் தாள்ல அவங்க எங்கண்ணே இருக்காங்க?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில் எழுதியது இந்தக் கட்டுரை.

ஊரின் பெயரிலேயே பாறை இருக்கிறது. மாவட்டத் தலைநகரின் பெயரில் கல் இருக்கிறது. மழை குறைந்த, மானாவாரி நம்பிய இந்தப் பூமியில், நிலமில்லாத குடும்பத்துக்குப் பாறைதான் நிலம். விதைப்பு இல்லாத மாதங்களில் கல் உடைக்கப் போவார்கள். தமிழ்நாடு முழுக்க இந்த வேலையில் யார் இருந்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் தலித்துகளும் ஒட்டர், போயர் என்று அழைக்கப்படும் மக்களும்தான். கல் ஒட்டர்களை வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடிச் சட்டத்துக்குள் அடைத்தான். சீர்மரபினர் பட்டியலில் அவர்கள் பெயர் இன்றும் இருக்கிறது. நாட்டுக்குச் சாலையும் அணையும் போட்டவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'பிறவிக் குற்றவாளி'.

கல்லுக்கு இவ்வளவு குறைந்த கூலி எப்படி வந்தது? 'வேலை எளிது, ஆள் அதிகம்' என்று பொருளாதாரப் பாடத்தில் எழுதிவிடலாம். கல் உடைத்துப் பார்த்தவர் யாரும் அதை எளிது என்று சொல்ல மாட்டார். கூலியைக் கீழே பிடித்து வைத்திருக்க ஒவ்வொரு காலத்திலும் ஒரு கை இருந்திருக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை நாசமாக்கிய தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. பட்டினியில் வந்தவர்களுக்குச் சும்மா சோறு போட்டால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று அரசு நினைத்தது. அதனால் நிவாரண வேலை வைத்தார்கள். குளம் வெட்டு, மண் சும, சாலைக்குக் கல் உடை. 1877இன் தொடக்கத்தில் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைச் சுருக்க, நாள் முழுக்க வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை வெளிப்படையாக எதிர்த்தார். சிறைக் கைதிக்குப் போடுவதைவிட இது குறைவு, இதைத் தின்று உடலுழைப்பு செய்ய முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சில மாதங்களில் அந்தக் கூலி கைவிடப்பட்டது. அதற்குள் முகாம்களில் செத்தவர்களைச் சொந்த நிலம் இல்லாத, கிணற்றுத் தண்ணீருக்கும் உரிமை இல்லாத சாதிகளில் இருந்துதான் அதிகம் தேட வேண்டும். கல் உடைப்பவனுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதை அவன் எவ்வளவில் சாகாமல் இருப்பான் என்பதை வைத்துத் தீர்மானித்த கணக்கு அது. சமூகவியல் வகுப்பில் எங்களுக்குப் பஞ்சம் சொல்லித் தந்தார்கள். கார்னிஷை யாரும் சொல்லித் தரவில்லை.

உடைத்த கல்லின்மேல் நடக்கும் உரிமையும் தனியாகப் போராடித்தான் வந்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்றது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தபோது, அவர்களில் கக்கனும் ஒருவர். அந்தப் பிரகாரத்துக் கல்லை உடைத்தவன், சுமந்தவன், பாவியவன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? இன்றைக்கும் பேவர் பிளாக் தெரு ஊர்முனையோடு நின்று, காலனி வாசலில் மண் ரோடாக மாறுகிற ஊர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடுத்த கை முன்பணம். குவாரிக்காரர் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ ஒரு தொகை கொடுப்பார். அதைக் கழிக்கும்வரை குடும்பமே வேலை செய்ய வேண்டும். கணக்கு நோட்டு அவரிடம். வெடிமருந்து, உளி சாணை, எல்லாவற்றுக்கும் பிடித்தம். கடன் குறையாது, கூடும். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததனால் குவாரி திறந்துவிடவில்லை.

இங்கே இரண்டு தீர்ப்புகளை மாணவத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு மேம்பாலங்களும் மைதானங்களும் அவசர அவசரமாக எழும்பின. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமேதார் அதில் ஒரு ரூபாயைத் தனக்கு எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். ஒரே ஒரு ரூபாய். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் தொடுத்த அந்த வழக்கில் நீதிபதி பகவதி சொன்னது, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவுக்கு முழு உயிர் கொடுத்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அதுவே கட்டாய உழைப்பு. சங்கிலி தேவையில்லை, சாட்டை தேவையில்லை. பசியே சங்கிலி என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்தது பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கின் தீர்ப்பு. இது நேரடியாகக் கல் குவாரி வழக்கு. டெல்லிக்குப் பக்கத்தில், அரியானாவின் பரிதாபாத் குவாரிகளில் வேலை செய்தவர்கள் புழுதியை மூச்சாக இழுத்து, அழுக்குத் தண்ணீர் குடித்து, வெளியேற முடியாமல் கிடந்தார்கள். ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், ஆட்களை அனுப்பி விசாரித்தது. 'இவர்கள் கொத்தடிமைகள் என்று முன்பணத்தை வைத்து நிரூபியுங்கள்' என்பது அரியானா அரசின் வாதம். கணக்கு நோட்டே முதலாளியிடம் இருக்கும்போது தொழிலாளி எதைக் காட்டுவான்? கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே முன்பணம் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்ட வேண்டியது மறுப்பவரின் வேலை என்றது நீதிமன்றம். 21 உத்தரவுகளும் போட்டது. குடிநீர், கழிப்பறை, மருத்துவம், புழுதியை அடக்கத் தண்ணீர் தெளிப்பது எல்லாம் அதில் உண்டு.

அரியானாவில்தானே என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கொத்தடிமைகளே இல்லை என்று சாதித்து வந்த காலத்தில், உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 1995இல் அறிக்கை கொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேல் என்றது அந்த அறிக்கை. செங்கல் சூளை, அரிசி ஆலை, பீடி, கல் குவாரி என்று தொழில் தொழிலாக விரித்துக் காட்டியது.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு இடத்தில் எங்களுக்கு மூச்சு லேசாகிறது. புதுக்கோட்டை. 1990களின் தொடக்கம். அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்கப் பரவிய நேரம். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். குவாரியைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், ஏலத்தில் ஒப்பந்ததாரர்களுக்குப் போய்க்கொண்டிருந்த கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகள், ஆயிரக்கணக்கான பெண்கள், அவர்களில் பெரும் பகுதி தலித்துகள். நேற்றுவரை அதே பாறையில் முன்பணத்துக்கு உடைத்தவர்கள்.

பாறையும் சம்மட்டியும் மாறவில்லை. லாரியில் ஏறிய ஜல்லியும் அதேதான். நடுவில் இருந்தவர் மட்டும் இல்லை. லாரி லோடுக்கு என்ன விலை என்று உடைத்தவரே சொன்னார், உடைத்தவரே காசை எண்ணினார். எழுத்தும் எண்ணும் தெரிந்த பெண்ணிடம் பொய்க் கணக்கு நோட்டை நீட்ட முடியாது. அறிவொளியும் குவாரியும் ஒன்றோடொன்று சேர்ந்தது தற்செயல் அல்ல என்பது எங்கள் எண்ணம். ஒப்பந்ததாரர்கள் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், குத்தகைகள் கைநழுவின, ஏலம் திரும்பி வந்தது. ஒரு நல்ல அதிகாரியின் கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போகும். அதைச் சட்டமாக்கும் அளவுக்கு நமக்கு அன்று அமைப்பு பலம் இல்லை. இதை நாம் வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அந்த எஸ்டிமேட்டின் மூன்றாவது வழி, ராஜஸ்தான் மணற்கல். இங்கிலாந்தில் வீட்டுப் பின்தோட்டத்தில் கல் தளம் போடுவது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கம். அந்தக் கல்லில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. பூந்தி மாவட்டத்தின் புத்புரா பகுதியில், பெரிய கல் அறுத்த பிறகு மிஞ்சும் துண்டுகளைப் பெண்களும் குழந்தைகளும் வீட்டு வாசலில் உட்கார்ந்து கையளவுச் சதுரங்களாகக் கொத்துகிறார்கள். ஆண்கள் பலர் சிலிகோசிஸ் வந்து இளம் வயதில் போய்விட்டார்கள். மணற்கல்லில் சிலிகா அதிகம். கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலில் போய்த் தங்கித் தழும்பாகிறது. மருந்து கிடையாது. காசநோய் என்று தவறாக எழுதி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். நம் ஊரிலும் 'இளைப்பு வந்து செத்தார்' என்று முடித்துவிடுகிற மரணங்களில் குவாரி எத்தனை?

2019இல் ராஜஸ்தான் அரசு இதற்கென ஒரு கொள்கை வெளியிட்டது. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். போராடி வாங்கியது, பெரிய விஷயம்தான். ஆனால் அதற்கு முதலில் சான்றிதழ் வேண்டும். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். சமையல் மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லை அறுத்தவர்களுக்கு இதே நோய் வந்தபோது, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தார்கள். அங்கே தொழிற்சங்கம் இருந்தது, இறக்கிறவரின் நுரையீரலுக்கு ஒரு விலை இருந்தது.

மணற்கல் வேண்டாம், பேவர் பிளாக் போட்டால் பாவம் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. பேவர் பிளாக் என்பது சிமெண்ட், எம்-சாண்ட், சிப்ஸ். எம்-சாண்டும் சிப்ஸும் வெடிவைத்துப் பெயர்த்த பாறை கிரஷரில் அரைபட்டு வருவதுதான். சம்மட்டி போய் இயந்திரம் வந்திருக்கிறது. புழுதி போகவில்லை. கிரஷரில் நிற்பவர் பலர் இன்று வடமாநிலங்களில் இருந்து வந்தவர்கள். அவர்கள் என்ன சாதி என்று கேட்டுப் பாருங்கள்.

தோழர் கல் பாவக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அம்மாச்சி உடைத்த கல்லில் பேரன் நாற்காலி போட்டு உட்காருவதைப் பார்க்க எங்களுக்கும் ஆசைதான். தாளின் பின்பக்கத்தில் நாலு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தோம். கல் எந்தக் குவாரி? குத்தகை யார் பெயரில்? சித்தாளாக வரும் அக்காவுக்கு என்ன கூலி? கல் அறுக்கும்போது தண்ணீர் ஊற்றி அறுப்பார்களா?

மறுநாள் தோழர் போன் செய்தார். தண்ணீர் ஊற்றியே அறுப்பதாகக் கொத்தனார் ஒத்துக்கொண்டாராம். சித்தாள் கூலியில் நூறு ரூபாய் கூட்டிப் பேசி முடித்தாராம். குவாரி எது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

"லாரிக்காரரைக் கேட்டேண்ணே. 'கல்லு கல்லுதானே சார், அதுல ஊரு பேரா எழுதியிருக்கு'ங்கிறாரு."