தோட்டத்துப் பிள்ளைகளின் மூச்சும் நச்சுயிரிகளின் மரபு வேற்றுமையும்

நச்சுயிரியல் நூல்களில் நெகிரி செம்பிலானுக்கு நிலையான ஓர் இடம் உண்டு. 1999இல் புக்கிட் பெலாண்டோக் வட்டாரப் பன்றிப் பண்ணைகளைச் சூறையாடிய கிருமி, அங்குள்ள சுங்கை நிப்பா என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுமருந்து அடித்துக்கொண்டிருந்த வேளையில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் மாண்டனர். பின்னாளில் வங்காளதேசத்தில் தோன்றிய நிப்பா, மரபணுவில் சற்றே வேறுபட்டது. அங்கே அது நுரையீரலை அதிகம் தாக்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றியது.

பெயர் ஒன்றாயினும் மரபு மாறினால் நோயின் போக்கும் மாறக்கூடும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகளை ஆண்டுதோறும் மருத்துவமனைக் கட்டிலில் கிடத்துவது நிப்பா அன்று, ஆர்.எஸ்.வி. என்னும் சுவாச நச்சுயிரி.

சுவா பெத்தோங், லின்சம், பிராட்வால் என நெகிரி செம்பிலான் தோட்டப் பெயர்களைச் சொன்னாலே முதியவர்களுக்கு ஆயாக்கொட்டகை நினைவுக்கு வரும். விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடும் தாய், கைக்குழந்தையை அங்கே விட்டுப் போவாள். ஒரே கூரையின் கீழ் அத்தனை குழந்தைகள். ஒன்றுக்குச் சளி பிடித்தால் மற்றவையும் தப்புவது அரிது. குழந்தைக்கு நெஞ்சுக்குழி உள்வாங்கி இளைப்பு கண்டால், பனியில் தூக்கிப்போனாள் என்று தாயையே ஏசினார்கள். அந்தப் பழி அநியாயமானது. ஆர்.எஸ்.வி. வந்து போனாலும் நிலைத்த எதிர்ப்பாற்றல் தங்குவதில்லை. ஏ, பி என இரு பிரிவுகளும், அவற்றினுள் பல மரபுவகைகளும் அதற்கு உண்டு. ரைனோ நச்சுயிரியிலோ 160க்கும் மேற்பட்ட வகைகள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓயாமல் சளி பிடிப்பதில் தாயின் குற்றம் எங்கே இருக்கிறது?

தலைநகரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1982 முதல் 2008 வரை அனுமதிக்கப்பட்ட, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் 10,269 மாதிரிகளை ஆராய்ந்தார்கள். நச்சுயிரி கண்டறியப்பட்டவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு; அவற்றுள் பெரும்பான்மை ஆர்.எஸ்.வி. எஞ்சியவற்றில் கிருமியே இல்லை என்று கொள்ளக் கூடாது. அக்காலச் சோதனைகள் குறிப்பிட்ட சில நச்சுயிரிகளையே தேடின. ஆண்டின் கடைசி மாதங்களில் ஆர்.எஸ்.வி. தலைதூக்குவதையும் இந்த ஆய்வு காட்டிற்று.

அதே மையத்தில் சேர்ந்த மாதிரிகளின் மரபணு வரிசையைப் பார்த்தபோது, பழைய வகைகளைப் புதியவை அகற்றிவிட்டு வந்தமர்ந்தது தெரிந்தது. உலகெங்கும் இதே கதைதான். 1999இல் புவெனோஸ் ஐரிஸில் கண்ட பி.ஏ. வகையின் ஜி மரபணுவில் 60 எழுத்துகள் இரட்டித்திருந்தன. 2010இல் கனடாவின் ஒன்டாரியோவில் கண்ட ஓ.என்.1 வகையில் 72. சில ஆண்டுகளிலேயே இரண்டும் தத்தம் பிரிவில் உலகை ஆண்டன.

இது ஆய்வுக்கூடத்தார்க்கு மட்டும் உரிய செய்தி என்று ஒதுக்க முடியாது. ஆர்.எஸ்.வி.க்கு எதிரான சுப்டாவுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தைக் குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்தபோது, அப்போது பரவிய பி பிரிவு நச்சுயிரியின் எஃப் புரதத்தில் இரண்டே அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. மருந்து அதனிடம் பலிக்கவில்லை. இன்று மேலைநாடுகளில் குழந்தைகளுக்குப் போடும் நிர்செவிமாபும் அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பற்றுகிறது. அந்த இடம் மாறாதிருக்கிறதா என்பதை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கிருந்து பார்ப்பது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து மக்களில் பலர் செனாவாங், சிரம்பான் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் தம்பினிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் படுத்திருக்கிறார்கள். மலேசியாவின் நீண்டகாலச் சான்று தலைநகர்ப் பிள்ளைகளிடமிருந்து கிடைத்தது. இந்த மருத்துவமனைகளில் எடுக்கும் மூக்குச் சளி மாதிரிகளிலும் ஒரு பங்கையாவது ஆண்டுதோறும், மழை வலுக்கும் மாதங்களைத் தவறவிடாமல், மரபணு வரிசைக்கு அனுப்ப வேண்டும். தடுப்பு மருந்தை எந்த மாதத்தில் தொடங்குவது, எதை வாங்குவது என்று சுகாதார அமைச்சு முடிவெடுக்கும்போது நம் பிள்ளைகளின் மாதிரிகளும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.