சபராளிகளின் காகிதங்களும் ஷரீஅத் சட்டமும்



பழைய வீடுகளின் மரப்பெட்டியில் அரபு எழுத்தில் எழுதிய மங்கிய தாள்கள் கிடைத்தால், குர்ஆன் ஆயத்தாக இருக்குமோ என்றஞ்சிக் கிணற்றிலோ கடலிலோ சேர்த்து விடுகிறோம். வாசித்துப் பார்த்தால் சில, சபர் போன கணவர் மனைவிக்கு எழுதிய காகிதமாக இருக்கும். எழுத்து அரபு, மொழி தமிழ்.

1786-இல் பினாங்கும் 1819-இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் துறைமுகங்களாயின. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதி முஸ்லிம்கள் வணிகத்துக்கும் துறைமுக வேலைக்கும் அங்கே சென்றார்கள். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே போனார்கள். மனைவி, மக்கள் ஊரில்.

அந்தப் பெண்களில் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் ஓதும் பள்ளியில் குர்ஆன் ஓதியிருந்ததால் அரபு எழுத்துத் தெரியும். அரபியில் இல்லாத ப, ட, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்து எழுதினால், கணவர் எழுதியதை அந்நியர் ஒருவரைக் கொண்டு வாசிக்க வேண்டியதில்லை. படிப்பறிவில்லாதவர்கள் என்று நாம் எண்ணும் பாட்டிமார்கள் இப்படித்தான் வாசித்தார்கள்.

பாய்மரக் காலத்தில் தென்மேற்குக் காற்றில் கிழக்கே போன கப்பல், வடகிழக்குக் காற்று கிளம்பிய பிறகே திரும்பும். காகிதம் ஊர்க்காரர் ஒருவர் மடியில் வரும். 1854-இல் இந்தியத் தபால்தலை வந்தது. 1867 வரை பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அதுவே செல்லுபடியானது. பின்னர் நீராவிக் கப்பல்கள் காத்திருப்பைக் குறைத்தன.

இந்தத் தாமதம் பெண்களின் வாழ்வைத் தொட்டது. கணவர் இறந்த செய்தி ஆறு மாதம் கழித்து வந்தால் இத்தா எப்போது? நான்கு மாதம் பத்து நாள் என்பது மவ்த்தான நாளிலிருந்து கணக்கு, செய்தி கிடைத்த நாளிலிருந்து அல்ல. கர்ப்பிணியாக இல்லாவிட்டால், அவளுக்கு இத்தா முடிந்தேவிட்டது. ஆகவே காகிதத்தில் ஹிஜ்ரி தேதி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

தலாக்கும் அப்படியே. நம் ஷாஃபிஈ மத்ஹபில், பேசத் தெரிந்தவர் எழுத்தில் மட்டும் தலாக் எழுதினால், அவர் அதை நாடியிருந்தால்தான் நிகழும். “இக்கடிதம் உனக்குக் கிடைத்தால் நீ தலாக்” என்று அந்த நாட்டத்துடன் எழுதியிருந்தால், கிடைக்கும்போதுதான் நிகழும். கடலில் மூழ்கிப்போன காகிதத்தால் எதுவும் நிகழாது. ஃபிக்ஹு நூல்களின் இந்தப் பாடத்தை மாணவர்கள் விரைவாகக் கடந்து போவார்கள். நம் கடற்கரை ஊர்களிலோ அது ஒரு பெண்ணின் நாளைய வாழ்வு.

வாரிசுரிமை இன்றும் தீராத விஷயம். அங்கே மலாய்ப் பெண்களை நிகாஹ் செய்தவர்கள் உண்டு. அவர்களின் சந்ததியே ஜாவி பெரானாக்கான் சமூகம். தந்தையின் சொத்தில் அந்தப் பிள்ளைகளுக்கும் ஊரிலுள்ள பிள்ளைகளுக்கும் உரிமை ஒன்றே. இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால், மனைவியர் இருவரும் எட்டில் ஒரு பங்கைப் பகிர வேண்டும். அங்கே ஒரு மகன் பிறந்தான் என்பதற்கு ஒற்றை வரிக் காகிதம் மட்டுமே சான்றாக எஞ்சிய குடும்பங்கள் இருக்கக்கூடும். அதைக் கிணற்றில் போட்டால் அந்த மகனின் பெயரும் போய்விடும்.

அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆலிம்கள், முதிய பெண்மணிகள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெட்டியை ஒதுக்குமுன் அவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள். தாளைப் படமெடுத்து, பின்புறமுள்ள முகவரியையும் முத்திரையையும் சேர்த்தே வையுங்கள்.